ராசாத்தியின் நிழலில் நின்ற பாட்டுகள்: ஜெயச்சந்திரனின் 'வைதேகி காத்திருந்தாள்'

பின்னணிப் பாடகர் பி. ஜெயச்சந்திரன் 2025 ஜனவரி 9 அன்று திருச்சூரில் காலமானார். வயது எண்பது. எல்லைப்புறத்தில் இருக்கிற நம் வீடுகளில் அன்று இரவு மலையாளச் சேனலும் தமிழ்ச் சேனலும் மாறி மாறி ஓடியிருக்கும். நான் பார்த்த வரையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. மலையாளத்தில் 1966 தொடங்கி அவர் பாடிய பாட்டுகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. தமிழில் 'ராசாத்தி' வந்தது, விளம்பரம் வந்தது, மறுபடியும் 'ராசாத்தி' வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தமிழில் பாடிய ஒருவரை நாம் ஒரே பாட்டில் அடைத்து, அந்தப் பாட்டையும் அது பிறந்த இசைத்தட்டிலிருந்து பிய்த்து எடுத்து வைத்திருக்கிறோம்.

அந்த இசைத்தட்டைப் பற்றித்தான் இக்கட்டுரை. 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்'. இயக்கம் ஆர். சுந்தர்ராஜன், இசை இளையராஜா. இதை ஒரு பாட்டுக்காக மட்டும் நினைவில் வைத்திருப்பது சரியல்ல. ஜெயச்சந்திரன் பாடிய மூன்று பாட்டுகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அதில் அவர் என்ன செய்திருக்கிறார் என்பது தெரியும் என்பது என் துணிபு. "மூலைக்கு மூலை ஒலிக்கிற பாட்டை யார் மறந்தார்கள்?" என்று அன்பர்கள் கேட்கலாம். மறக்கவில்லை. ஒன்றை அளவுக்கு மீறி நினைவில் வைத்ததால் பக்கத்தில் இருந்தவற்றைக் கேட்காமலே போய்விட்டோம் என்றுதான் சொல்கிறேன்.

இந்தப் பாட்டுகள் பிறந்த விதம் பலரும் அறிந்ததுதான். படத்துக்காக மெட்டு போடப்படவில்லை. இளையராஜா சில மெட்டுகளை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். அவை எல்லாவற்றையும் ஒரே படத்தில் பயன்படுத்துகிறவருக்குத்தான் தருவேன் என்றார். சுந்தர்ராஜன் அவற்றுக்குப் பொருந்துகிற மாதிரி கதையைக் கட்டிக்கொண்டு வந்தார் என்று சொல்லப்படுகிறது. நம் ஊரில் இது வேடிக்கைச் செய்தியாகப் பேசப்படுகிறது. எனக்கு இதுதான் முக்கியமான செய்தி. சாதாரணமாகச் சினிமாப் பாட்டு கதைக்கு வேலைக்காரன். இங்கே கதை பாட்டுகளுக்கு வேலை செய்கிறது. ஆகவே படத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒலிநாடாவை மட்டும் தனி ஆக்கமாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு. மேல்நாட்டில் 'ஆல்பம்' என்று எதைச் சொல்கிறார்களோ, ஒரே மனநிலையில் பிறந்த பாட்டுகளின் தொகுப்பு, தமிழ் சினிமாவில் அதற்கு மிக நெருங்கி வருவது இந்த மாதிரிச் சில இசைத்தட்டுகள்தான்.

ஆறு பாட்டுகள். எஸ். ஜானகிக்கு 'அழகு மலர் ஆட'. இளையராஜாவும் உமா ரமணனும் சேர்ந்து பாடிய 'மேகம் கருக்கையிலே'. பி. சுசீலாவுக்கு 'ராசாத்தி' மெட்டிலேயே ஒரு பெண்குரல் பாட்டு. மீதி மூன்றும் ஜெயச்சந்திரனுக்கு: வாணி ஜெயராமுடன் 'இன்றைக்கு ஏன்', தனியாகக் 'காத்திருந்து', தனியாக 'ராசாத்தி'.

1984 என்பதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்.பி. பாலசுப்ரமணியமும் யேசுதாஸும் உச்சத்தில் இருந்த நேரம். கிராமத்துக் குரல் வேண்டுமென்றால் மலேசியா வாசுதேவன் இருக்கிறார். அவருக்கு மேல் இளையராஜாவே இருக்கிறார். கதாநாயகனோ அதுவரைக்கும் அடிதடிப் படங்களில் பேர் வாங்கிய விஜயகாந்த். இத்தனைக்கும் நடுவில் ஒரு கதாநாயகனின் மூன்று பாட்டையும் ஜெயச்சந்திரனிடம் கொடுத்தது சாதாரணத் தீர்மானம் அல்ல. மெட்டுகளை வெவ்வேறு பாடகர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் மூன்று நல்ல பாட்டுகள் கிடைத்திருக்கும். ஒரே தொண்டைக்குக் கொடுத்ததால் ஒரு மனுஷன் கிடைத்தான்.

அந்த மனுஷனை வரிசையாகக் கேட்க வேண்டும். வரிசை நான் போட்டதுதான்.

முதலில் 'இன்றைக்கு ஏன்'. இது ஆபோகி. பஞ்சமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து சுர ராகம். பஞ்சமம் இல்லாததால் காலை ஊன்றி நிற்க நடுவில் ஒரு திண்ணை கிடையாது. மத்தியமத்திலிருந்து தைவதத்துக்குத் தாவித்தான் போக வேண்டும். கச்சேரி மேடையில் அதை ஒரு கம்பீரத்தோடு செய்வார்கள். ஜெயச்சந்திரன் அந்தத் தாவலை வெளியே காட்டுவதே இல்லை. வாணி ஜெயராம் பளிச்சென்று, சுருதியின் நடு மையத்தில் பாடுகிறார். அவருக்குப் பக்கத்தில் இவர் ஒரு படி குரலைத் தாழ்த்தி, சந்தோஷம் வந்திருக்கிறது என்பதையே முழுதாக நம்பாதவர் போலப் பாடுகிறார். மகிழ்ச்சிப் பாட்டில் இப்படி ஒரு கூச்சத்தை நான் வேறு ஆண்குரலில் அதிகம் கேட்டதில்லை. பாலசுப்ரமணியம் பாடியிருந்தால் ஒரு சிரிப்பு வந்திருக்கும், ஒரு குறும்பு வந்திருக்கும். கேட்க அருமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அடுத்த பாட்டில் காத்துக் கிடக்கிற ஆள் அவராக இருந்திருக்க முடியாது.

அடுத்தது 'காத்திருந்து'. மூன்றில் இதுதான் சிறந்தது என்பது என் கட்சி. இதை ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு என்பதும் தெரியும். காத்திருப்பைப் பாடுகிற பாட்டுகளில் பாடகர்கள் வழக்கமாகச் செய்கிற ஒரு காரியம் உண்டு: குரலில் ஒரு விம்மலைச் சேர்ப்பார்கள், வரியின் முடிவை இழுத்து நடுங்க வைப்பார்கள். ஜெயச்சந்திரன் வரியின் முடிவில் குரலைப் பிடித்து வைப்பதே இல்லை. கையில் இருந்ததைத் திண்ணை மேல் வைத்துவிட்டு எழுந்து போகிற மாதிரி விட்டுவிடுகிறார். திரும்பத் திரும்ப ஒரே சொல் வருகிற பாட்டு இது. ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது சுலபமான வழி. இவர் கூட்டவில்லை. பல வருஷமாகக் காத்திருக்கிறவன் நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போகமாட்டான். அவனுக்கு அது பழக்கமாகிவிட்டிருக்கும். அந்தப் பழக்கம் இந்தக் குரலில் கேட்கிறது.

இதற்கு ஒரு தாளக் காரணமும் உண்டு. ஜெயச்சந்திரன் முதலில் மிருதங்கக்காரர். 1958இல் நடந்த கேரளப் பள்ளி இளைஞர் விழாவில் வாய்ப்பாட்டில் முதல் பரிசு யேசுதாஸுக்கு, மிருதங்கத்தில் முதல் பரிசு ஜெயச்சந்திரனுக்கு. பாலக்காடு மணி ஐயர் பிறந்த பக்கத்தில் வாழ்கிற நமக்கு மிருதங்கத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். தாளம் உள்ளே உட்கார்ந்துவிட்டவர்களுக்குத்தான் அதை மிதிக்காமல் நடக்கத் தெரியும். இந்தப் பாட்டில் அவர் சொற்களைத் தாளத்தின் அடி மேல் வைப்பதில்லை; என் காதுக்கு, அரை மூச்சு தள்ளி வைக்கிறார். பேசுகிற மாதிரி இருப்பதன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

'ராசாத்தி' பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். வாலியின் சொற்கள். படத்தில் ஊருக்குத் தண்ணீர் சுமந்து பிழைக்கிற ஒருவன் ராத்திரியில் பாடுகிறான். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முந்தின இரண்டையும் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். அப்போது இது துக்கப் பாட்டாகக் கேட்காது. சந்தோஷத்தில் கூசியவன், காத்திருப்பில் சத்தம் போடாதவன், அதே ஆள் இழந்த பிறகும் கொஞ்சிக்கொண்டிருக்கிறான் என்று கேட்கும். குரலில் அழுகை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்; கிடைக்காது. அழுகை நம்மிடம் இருக்கிறது. கல்யாண மண்டபத்து மெல்லிசைக் குழுக்களில் இந்தப் பாட்டை எடுக்கிற தம்பிமார் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடி இதைக் கெடுப்பது அதனால்தான். இதில் உருக்கம் பாடகனின் வேலை அல்ல.

துபாயில் இருக்கிற என் தங்கை மகன் ஒருமுறை போனில், "மாமா, நீங்க சொல்ற இந்த மனுஷன் பாடறது சோல் மியூசிக்தான். அங்க கறுப்பின ஆட்கள் பாடுவாங்களே, அது மாதிரி" என்றான். முதலில் சிரித்தேன். பிறகு அவன் சொன்னதைத் தேடிக் கேட்டபோது அவன் பேச்சில் விஷயம் இருப்பது தெரிந்தது. சாம் குக் என்கிற பாடகர் தேவாலயப் பாட்டுக் குழுவில் வருஷக்கணக்கில் பாடிவிட்டு 1957 வாக்கில் காதல் பாட்டுக்கு வந்தவர். கர்த்தரைப் பாடிய குரலை மாற்றிக்கொள்ளாமல் அப்படியே காதலிக்குப் பாடினார். ஜெயச்சந்திரனும் அப்படித்தான். அவருக்குத் தேசிய விருது கிடைத்தது 'ஸ்ரீ நாராயண குரு' படத்தில் பாடிய பக்திப் பாட்டுக்கு. பக்திக்கும் காதலுக்கும் அவர் இரண்டு குரல் வைத்திருக்கவில்லை. ஆண்டாளையும் ஆழ்வாரையும் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனால் சினிமாப் பாட்டில் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு அமெரிக்கக்காரர் வேண்டியிருந்தது.

இனி நம் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன். இந்த மலரில் இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

ஜெயச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்து இரிஞ்ஞாலக்குடையில் வளர்ந்த மலையாளி. தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல. அவரைத் தமிழுக்குக் கூட்டி வந்தவர் நம் எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன். 1973இல் வந்த 'அலைகள்' படத்தில் பாடியது அவருடைய ஆரம்பகாலத் தமிழ்ப் பாட்டுகளில் ஒன்று. அதே சமயத்தில் விஸ்வநாதன் மலையாளத்தில் 'பணிதீராத்த வீடு' படத்துக்கும் இசையமைத்தார். அதில் நீலகிரியைப் பாடுகிற பாட்டு ஒன்று ஜெயச்சந்திரனுக்குக் கேரள அரசின் முதல் விருதை வாங்கித் தந்தது. பாலக்காட்டுக்காரர் ஒருவர் ஒரு கையால் இவரைத் தமிழுக்கும் மறு கையால் மலையாள விருதுக்கும் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். சித்தூரில் பிறந்த பி. லீலா இதற்கெல்லாம் வெகு முன்னாலேயே இரண்டு மொழியிலும் கொடி கட்டியவர். இந்தக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வந்து போகவில்லை.

1981இல் 'அந்த 7 நாட்கள்' வந்தது. பாக்யராஜ் அதில் பாலக்காட்டு மாதவன்; இசையமைப்பாளராக வேண்டும் என்று சென்னைக்கு வந்த ஏழை. அவர் பேசுகிற மலையாளம் கலந்த தமிழுக்குத் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் சிரிப்பு அள்ளியது. நாமும் சிரித்தோம். கொஞ்சம் நெளிந்துகொண்டுதான். ஏனென்றால் அந்தப் பேச்சு நம் வீட்டுத் திண்ணையிலும் கேட்கிற பேச்சு. அதே படத்தில் 'கவிதை அரங்கேறும் நேரம்' வருகிறது. எழுதியவர் குருவிக்கரம்பை சண்முகம், இசை விஸ்வநாதன், பாடியவர்கள் ஜெயச்சந்திரனும் ஜானகியும். பேச்சில் கேலிக்கு ஆளான மாதவன் பாட்டில் எந்தக் கேலிக்கும் இடம் தராமல் நிற்கிறான். அந்தக் குரல் நிஜமாகவே ஒரு மலையாளியின் குரல் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள் என்று தெரியாது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் பீர்மேட்டுப் பக்கத்திலும் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நம் பிள்ளைகள் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ படிக்கப் போனால் முதல் வாரத்திலேயே ஒரு பட்டப்பெயரோடு வருகிறார்கள். "நீ பேசறது தமிழா?" என்பார்கள் அங்கே. இங்கே, பஸ்ஸில் சத்தமாகப் பேசினால் திரும்பிப் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி. 1956 நவம்பரில் மாநிலங்கள் பிரிந்தபோது பாலக்காடு சென்னை மாகாணத்திலிருந்தும், சித்தூர் கொச்சியிலிருந்தும், தேவிகுளம் பீர்மேடு திருவிதாங்கூரிலிருந்தும் ஒரே கேரளத்துக்குள் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து நம் தமிழ் யாருக்கும் முழுத் தமிழாகத் தெரிவதில்லை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, எல்லைப் பள்ளிகளில் தமிழ் வழி வகுப்பு இருக்கிறது, ஆனாலும் பிள்ளைகளின் வாயில் இருக்கிற கூச்சம் போகவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு உச்சரிப்புப் பாடமாக நான் 'ராசாத்தி'யையும் 'காத்திருந்து'வையும் வகுப்பில் போட்டுக் காட்டியது உண்டு. காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ழகரம் ளகரத்தில் கரைந்துவிட்டது. மலையாளம் பேசுகிறவர்கள் நாக்கில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ரகர றகர பேதமும் அப்படித்தான். ஜெயச்சந்திரன் தமிழில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது தன் மலையாளம் தந்த இந்தச் சுத்தத்தை. விட்டது, வரியின் முடிவில் மலையாளம் போடுகிற அந்த நீட்டலை. இதை யாரோ உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருக்கலாம், அவரே காதால் பிடித்திருக்கலாம். விளைவுதான் நமக்கு முக்கியம்: தென்மாவட்டத்து எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரனின் தமிழாக அது நம்பப்பட்டது. 1984இலிருந்து இன்றுவரை ஒருவர்கூட "இதில் மலையாள வாடை அடிக்கிறது" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று பாட்டுகளின் மொழியும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 'இன்றைக்கு ஏன்' ஏட்டுத் தமிழ். 'ராசாத்தி' முழுக்கப் பேச்சு. "உன்னை" என்று வராது, "உன்ன" என்றுதான் வரும். 'காத்திருந்து' இரண்டுக்கும் நடுவில். ஒரே ஆள் இப்படி மூன்று விதமாகப் பேசுவானா என்று விமரிசகர்கள் குறை சொல்லலாம். எழுத்தளவில் அது நியாயமான குறைதான். ஆனால் ஜெயச்சந்திரன் ஏட்டுத் தமிழைப் பேச்சு மாதிரியும் பேச்சுத் தமிழை ஏட்டுக்குரிய மரியாதையோடும் பாடியதால் தையல் தெரியவில்லை. வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று என்று மூன்று மொழி பேசுகிற நமக்கு இது எவ்வளவு பெரிய வித்தை என்று தெரியும்.

இடுக்கிப் பக்கத்து அன்பர்கள் "யானைக் கதையைச் சொல்லவில்லையே" என்பார்கள். கம்பத்துக்குப் பக்கத்தில், காட்டோரத் தியேட்டர் ஒன்றில், 'ராசாத்தி' பாட்டு வருகிற நேரத்துக்கு யானைக் கூட்டம் வந்து நின்று கேட்டுவிட்டுப் பாட்டு முடிந்ததும் திரும்பிப் போகும் என்பது கதை. இளையராஜாவே சொன்னது என்று பரவியிருக்கிறது. கம்பம் மெட்டுக்கும் குமுளிக்கும் நடுவில் வாழ்ந்தவர்களுக்கு யானை ஒன்றும் அதிசயம் அல்ல. கரும்புக்கு வரும், பலாவுக்கு வரும், பாட்டுக்கும் வந்திருக்கலாம், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் இந்தக் கதை பாட்டுக்கு நல்லது செய்யவில்லை என்பது என் எண்ணம். யானை வந்தது என்று சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தச் சுரம், எந்த மூச்சு, எந்தச் சொல் என்று அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. 'காத்திருந்து'வுக்கு யானை வரவில்லை, ஆகவே அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

யானையைவிட நமக்கு நெருக்கமான வரலாறு ஒன்று இருக்கிறது. இளையராஜாவின் சொந்த ஊர் பண்ணைப்புரம், மலையேறினால் இடுக்கி. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்த் தமிழ்த் தொழிலாளர்கள் நடுவில் பாடியவர் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன். ரோசம்மா ஜெயித்தார். நாட்டுப்புற மெட்டில் லயத்து ஜனங்களுக்குப் பாடுவது எப்படி என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது நம் மலைகளிலும்தான். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து உட்காருகிறவர்களிடம் சங்கீதம் காட்ட முடியாது. சொல் புரிய வேண்டும், மெட்டு உடனே வாயில் ஒட்ட வேண்டும், அதே சமயம் மட்டமாகவும் இருக்கக்கூடாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பயின்ற இசையமைப்பாளரும், மிருதங்கம் படித்த இரிஞ்ஞாலக்குடைக்காரரும் சந்திக்கிற இடம் இந்த இசைத்தட்டு. ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகளில் இந்த கேசட் தேய்ந்துபோகிற வரைக்கும் ஓடியதில் ஆச்சரியம் இல்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இசைத்தட்டு முழுதும் ஒரே தரம் அல்ல. சுத்தமான இசையமைப்பு என்று பார்த்தால் 'மேகம் கருக்கையிலே'தான் இதில் முதல் இடம், அதில் ஜெயச்சந்திரன் இல்லை. 'அழகு மலர் ஆட' ஜானகியின் சாதனை. இளம் விதவையாக வரும் ரேவதியின் நடனத்தோடு பார்த்தால்தான் அதன் முழுக் கனம் தெரிகிறது, காதால் மட்டும் கேட்டால் கொஞ்சம் குறைகிறது. கவுண்டமணியின் ஆல் இன் ஆல் அழகுராஜாவும் பெட்ரோமாக்ஸும் படத்தை எங்கேயோ கொண்டுபோய்விட்டதால் பாட்டுகளைத் தனியாக நினைக்கவே பலருக்கு முடியவில்லை. அது பாட்டின் குற்றம் அல்ல.

ஜெயச்சந்திரன் மேல் பழைய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. குரலுக்கு ஒரே நிறம், யேசுதாஸின் ஆழமும் இல்லை, பாலசுப்ரமணியத்தின் வகைவகையான சாயலும் இல்லை என்பார்கள். ஓரளவு உண்மைதான். நையாண்டிப் பாட்டு அவருக்கு வராது. கோபம் வராது. மேல் ஸ்தாயியில் வீரம் காட்டச் சொன்னால் அவர் ஆள் இல்லை. ஆனால் ஒரே நிறத்துக்குள் எத்தனை பட்டை இருக்கிறது என்று பார்ப்பதும் ரசனைதானே. 'மூன்று முடிச்சு'வில் வாணி ஜெயராமோடு ஓடத்தில் பாடுகிற குரலும், 'கடலோரக் கவிதைகள்' படத்தில் மல்லிகைப் பாட்டில் ஜானகியோடு வருகிற குரலும், பின்னால் 'மே மாதம்' படத்தில் சித்ராவோடு மழையில் நனைகிற குரலும் ஒரே நிறம்தான். ஒரே உணர்ச்சி அல்ல. மலையாளிகள் அவரைப் 'பாவகாயகன்' என்று அழைத்தார்கள். பாவத்தைப் பாடுகிறவன். என்னோடு வேலை பார்த்த ஒரு மலையாள மாஷ் அவரை 'ஜயேட்டன்' என்றுதான் சொல்வார், சொந்த அண்ணன் மாதிரி. "உங்க தமிழ்ல ஜயேட்டனுக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க மாஷே?" என்று கேட்டார். தமிழ்நாட்டு அரசு 1997இல் கலைமாமணி கொடுத்தது, 'கிழக்குச் சீமையிலே' பாட்டுக்குச் சிறந்த பாடகர் விருதும் கொடுத்தது என்று சொன்னேன். "அது சர்க்கார் கொடுத்தது. நீங்க என்ன வச்சீங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. யேசுதாஸ் மாதிரி இருக்கும் என்றுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் அவரை அடையாளம் சொல்லியிருக்கிறோம்; இரண்டு குரலும் ஒன்றுபோல் இருப்பது இரண்டும் மலையாளம் என்பதில் மட்டும்தான்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுப் பிரச்சினையில் குமுளி வழி அடைபட்டுக் கிடந்தது. கம்பத்திலிருந்து ஆட்கள் மேலே வர முடியவில்லை, இங்கிருந்து நம் ஆட்கள் மூட்டை முடிச்சோடு கீழே இறங்கினார்கள். தெரிந்த கடைக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள் அவை. அந்த வாரங்களிலும் இரண்டு பக்கத்து டீக்கடைகளிலும் ஜெயச்சந்திரன் பாடிக்கொண்டுதான் இருந்தார்; அந்தப் பக்கம் தமிழில், இந்தப் பக்கம் மலையாளத்தில். அதனால் சண்டை நின்றது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. பாட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே தொண்டை என்பதை அப்போது யாரும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இந்த மலரைப் படிக்கிற இளைஞர்களிடம் இப்போது கேசட் இருக்காது. போனில் பாட்டு தனித்தனியாகத்தான் வருகிறது, அதிலும் 'ராசாத்தி'தான் முதலில் வந்து நிற்கும். அதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிட்டு 'இன்றைக்கு ஏன்' போடுங்கள். அது முடிந்ததும் 'காத்திருந்து'. பிறகு 'ராசாத்தி'. கடைசியில், அதே மெட்டில் சுசீலா பாடியதையும் தேடிப் போடுங்கள். அனுபவசாலியான அந்த அம்மா அதே சுரங்களில் எத்தனை உருக்கத்தைச் சேர்க்கிறார், இவர் எத்தனையை விட்டுவிட்டார் என்று கணக்குப் பார்க்க வசதியாக இருக்கும்.